காந்தக்கா சொன்ன விலை

அந்தக் காந்தம் உடைந்துபோன ஒரு ஸ்பீக்கரின் வயிற்றிலிருந்து எடுத்தது. பெயின்ட்டில் கீறல் விழக்கூடாது என்று காந்தக்கா அதற்கு ஒரு குழந்தையின் காலுறையை மாட்டி வைத்திருந்தாள். அவள் பழைய கார்ச் சந்தைக்குள் நுழைந்தாலே விற்கிறவர்கள் முகம் சுருங்கிவிடும். தோள்பையில் அது இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

தகரத்தின் மேல் வைத்தால் காந்தம் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அடிபட்ட இடத்தைத் தட்டி நிமிர்த்தாமல் பள்ளத்தில் பட்டி என்கிற பசையை அப்பி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து ஒப்பேற்றியிருந்தால் ஒட்டாது. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, கையை எடுத்தால் கீழே விழும். அப்படி விழும்போது அவள் ஒன்றும் பேசமாட்டாள். குனிந்து எடுத்து, காலுறையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, அடுத்த கதவுக்குப் போவாள். அந்த அமைதிக்குத்தான் புரோக்கர்கள் பயந்தார்கள். "காந்தக்கா வாயைத் திறந்து திட்டிட்டாக்கூடப் பரவாயில்ல, இது என்ன துக்க வீட்டுக்கு வந்த மாதிரி," என்பார்கள்.

இந்தத் தொழிலுக்கு அவள் நினைத்து வந்தவள் இல்லை. கல்யாணம் ஆன சூட்டிலேயே அது முறிந்துபோய், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். அண்ணியும் அப்போது உயிரோடு இருந்தாள், அவளும் கேட்கவில்லை. அடுத்த வாரமே, தனக்குத் தெரிந்த ஒரு பழைய கார் கடையில் வண்டி கழுவும் வேலைக்கு அண்ணன் அவளைச் சேர்த்துவிட்டான். வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து அவள் உள்ளங்கைக்குத் தகரம் எது, பட்டி எது என்று தெரிந்துபோனது. ஒரு நாள், முதலாளி ஒரு வண்டியைப் புத்தம்புதுசு போல என்று ஒருவரிடம் அளந்துகொண்டிருந்தபோது, ஈரத் துணியோடு நின்றிருந்தவள், "அந்தக் கதவு மட்டும் பாத்துக்குங்க சார்," என்றுவிட்டாள். வேலை போனது. ஆனால் அந்த சார் தன் மச்சினனுக்கு வண்டி பார்க்க அவளைத் தேடி வந்தார். மச்சினன் தன் நண்பனை அனுப்பினான். அப்படியே பிழைப்பாகிவிட்டது.

கூலி, வண்டி வாங்குகிறவரிடம் மட்டும்தான். விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே கூலி. அதைவிடப் பெரிய கட்டுப்பாடு ஒன்று வைத்திருந்தாள்: அவள் பார்த்து முடிக்கும்வரை விற்கிறவர் பேசக்கூடாது.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆரம்ப நாட்களில் ஒரு பெரியவர், "வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர இந்த வண்டி எங்கயும் போனதில்லம்மா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவியைப் பற்றிச் சொன்னார். அவள் அவர் கண்ணைப் பார்த்தாளே தவிர வண்டியின் அடியைப் பார்க்கவில்லை. வாங்கிய ஆளுக்கு ஓர் இறக்கத்தில் ஸ்டீயரிங் கழன்று கையோடு வந்தது. உயிர் பிழைத்தார், வலது கை பிழைக்கவில்லை. அன்றோடு சரி. "வண்டியோட விலை வண்டியில இருக்கு. விக்கிறவங்க வாயில இல்ல," என்று சொல்லி எல்லோரையும் தள்ளி நிற்க வைத்தாள். ஒரு புரோக்கர் கொட்டாவி விட்டதற்குக்கூட அவள் முறைத்தாள் என்று சந்தையில் ஒரு கதை உலவியது.

அண்ணனிடம் ஒரு ஸ்டேஷன் வேகன் இருந்தது. முன்பாதி கம்பெனியில் செய்தது. பின்பாதி அந்தக் காலத்தில் யாரோ ஒரு பாடி கட்டும் பட்டறைக்காரர் கையால் செய்து பூட்டியது. நீளமான உடம்பு, தள்ளித் திறக்கும் கண்ணாடிகள், அலமாரிக் கதவு மாதிரி இரண்டாகப் பிரியும் பின்கதவு. அண்ணன் டிரைவராக இருந்த வீட்டார் ஊரைவிட்டுப் போகும்போது, சம்பள பாக்கிக்குப் பதிலாக அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்த வண்டி. அதில் அவன் செய்தித்தாள் கட்டு ஏற்றினான், வாத்தியக்காரர்களின் பெட்டிகளை ஏற்றினான், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினான். அண்ணியின் கடைசிப் பயணமும் அதில்தான். ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்று கேட்டவர்களிடம், "அவளுக்கு முன் சீட்டு பிடிக்கும். ஒரு தடவை பின்னாடி வரட்டும்," என்றான்.

பிறகு அண்ணனுக்குக் கண்ணில் கோளாறு வந்தது. முதலில் வண்டியின் பக்கவாட்டில் கீறல்கள். அப்புறம் ஒரு சைக்கிள்காரரை மயிரிழையில் தவறவிட்டான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப்பார்வை செத்துக்கொண்டே வருகிறது என்றார் கண் டாக்டர். போனது வராது, உடனே அறுவை செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். தொகை சொன்னார்கள். அவள் தன்னிடம் இருந்ததையெல்லாம் வழித்துக் கொடுத்தாள். அது பரிசோதனைக்கும் மருந்துக்குமே சரியாகப் போனது.

"வண்டியைக் கொடுத்துடலாம்னு இருக்கேன் பாப்பா," என்றான் அண்ணன். அவளுக்கு நரை வந்த பிறகும் அவன் வாயில் அவள் பாப்பாதான்.

"எவ்வளவு சொல்லப் போற?"

"அவங்க கேக்கறதைத்தான்."

"யாரு, வாங்க வர்றவங்களா?"

"இல்ல. கண் டாக்டரு."

அவளுக்கு அது உறுத்தியது. ஆஸ்பத்திரி சொன்ன தொகையை அப்படியே தூக்கி வண்டியின் தலையில் வைத்திருந்தான். இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்: விற்கிறவருடைய அவசரத்துக்கும் வண்டியின் விலைக்கும் சம்பந்தம் கிடையாது என்று. அதை அண்ணனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. யாராவது வாங்கிக்கொண்டு போனால் போகட்டும், தான் நடுவில் போகாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

போகாமல் இருக்க முடியவில்லை. பழைய வண்டிமேல் ஆசை வைத்த ஒரு பல் டாக்டர், விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நேராக அவளிடமே வந்தார்.

"அது எங்க அண்ணன் வண்டி சார். நீங்க வேற ஆளைக் கூட்டிட்டுப் போங்க."

"அண்ணன் வண்டின்னு முதல்லயே சொல்றீங்க பாருங்க, அந்த ஆள்தான் எனக்கு வேணும்."

"நல்லா இருக்காது சார்."

"நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் விலை. நான் ஒரு பைசா பேரம் பேசமாட்டேன். உங்க அண்ணன்கிட்டயும் கேட்டுட்டேன். பாப்பா பாக்கட்டும்னுட்டார்."

அப்படித்தான் அவள் ஒரு வெயில் காலையில் அண்ணன் வீட்டுச் சந்தில் காந்தத்தோடு நின்றாள். முந்தின நாள் முழுக்க அண்ணன் வண்டிக்குப் பாலிஷ் போட்டிருந்தான். கண்ணாடிபோல மின்னியது. ஆனால் இடது ஓரத்தில், கூரையை ஒட்டி ஒரு பட்டை நீளத்துக்குப் பாலிஷ் துடைக்கப்படாமல் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அவன் பார்வை எட்டாத இடம். அதைத் துடைக்க அவள் கை தானாக முந்தானைக்குப் போனது. உடனே தன்மேலேயே கோபம் வந்தது. வண்டியைப் பார்க்க வந்தோமா, வேறெதையாவது பார்க்க வந்தோமா?

"பாப்பா, அந்தப் பின்பக்கம் இருக்கே, அது வந்து..."

"அண்ணா." அவள் திரும்பவில்லை. "விக்கிறவங்க பேசக் கூடாது."

"இல்ல, ஒரே ஒரு விஷயம்..."

"எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

அண்ணன் வாயை மூடிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றான். பல் டாக்டர் சிரித்தார். "என் தொழில்லயும் இதே கதைதாங்க. வாயைத் திறந்து வைக்கணும், பேசக் கூடாது."

முன்பக்கம் எல்லா இடத்திலும் காந்தம் டக் டக்கென்று ஒட்டியது. பானெட், மட்கார்டு, முன்கதவுகள் எல்லாம் சுத்தத் தகரம். அவளுக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. முன்கதவுகளைத் தாண்டியதும் காந்தம் விழுந்தது. எடுத்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். விழுந்தது. மேலே, கீழே, அந்தப் பக்கம், இரட்டைக் கதவு. ஓர் இடத்தில்கூட ஒட்டவில்லை. விரல் முட்டியால் தட்டினாள். மந்தமாக ஒரு சத்தம்.

ஒரு பாதி வண்டி முழுக்க யாரும் பட்டி அப்பமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியாதா? வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் அந்த இடத்தில் கதவு ரப்பரை விலக்கி, பையிலிருக்கும் சின்னக் கத்தியால் விளிம்பில் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்த்திருப்பாள். கத்தியைப் பாதி வெளியே எடுக்கவும் செய்தாள். பல் டாக்டர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் தோண்டினால், அண்ணனைக் காப்பாற்ற ஏதாவது சிக்காதா என்று தோண்டுகிறாள் என்று ஆகும். டாக்டர் அப்படி நினைக்காவிட்டாலும் அவளே அப்படித்தான் நினைத்தாள். இதற்குள் என்ன இருக்குமோ என்ற பயமும் இருந்தது. அடிபட்ட இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டியதாக இருந்தால் பாதி விலைகூடத் தேறாது. கத்தியை உள்ளே தள்ளி பையை மூடினாள்.

"முன்பக்கம் ஒண்ணும் சொல்றதுக்கில்ல சார். பின்பக்கம் பூரா ஒப்பேத்தின வேலை. கேட்ட விலை நியாயம் இல்ல. அதுல பாதிதான்."

சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அவன் அவள் நின்ற திசைக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தபடி தலையை ஆட்டினான்.

"பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். சாவியைச் சட்டை நுனியால் ஒரு முறை துடைத்துவிட்டுக் கொடுத்தான்.

பாதி விலைக்குப் பாதி அறுவை செய்யமாட்டார்கள். அண்ணன் இலவச ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். முறை வருவதற்குள் வலது கண் அணைந்துவிட்டது. இடது கண்ணில் அறுத்தார்கள். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. அவள் தினமும் சாயங்காலம் போய் அந்தக் கண்ணில் சொட்டு மருந்து போட்டுவிட்டு வந்தாள்.

கொடுமை என்னவென்றால், அந்த வருஷம்தான் அவள் பெயர் சந்தையில் கொடிகட்டிப் பறந்தது. கூடப் பிறந்தவனுக்கே பாதி விலை சொன்னவள் என்று வாயிலிருந்து வாய்க்குப் போயிற்று. முன்பு அவளைக் கண்டாலே ஷட்டரை இறக்கியவர்கள் இப்போது, "காந்தக்கா பாத்த வண்டி," என்று சொல்லி விற்றார்கள். கூலியை உயர்த்தினாள், யாரும் முணுமுணுக்கவில்லை. உயர்ந்த கூலியில்தான் சொட்டு மருந்து வாங்கினாள்.

ஒரு நாள் வேறொரு வண்டி பார்க்க டிங்கர் ஷெட்டுக்குப் போனாள். அடிபட்ட கார்களை அடித்து நிமிர்த்துகிற அந்த டிங்கருக்கு அவளைப் பல வருஷமாகத் தெரியும். ஷெட்டின் கோடியில் வெள்ளி நிறத்தில் நீளமாக ஏதோ நின்றது. பெயின்ட் முழுக்க உரித்த வண்டி. இரண்டாகப் பிரியும் பின்கதவைக் கண்டதும் அவள் கால் நின்றுவிட்டது.

"என்னக்கா, அடையாளம் தெரியலையா? உங்க அண்ணன் வண்டிதான். டாக்டரு புதுசா பெயின்ட் அடிக்கச் சொல்லிக் கொண்டாந்து விட்டாரு."

அவள் கிட்டே போய்க் காந்தத்தை வைத்தாள். விழுந்தது. மறுபடி வைத்தாள்.

"ஏன்க்கா விளையாடுற? அலுமினியத்துல காந்தம் எப்படி ஒட்டும்?" டிங்கர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அந்த உடம்பைத் தடவினான். சுத்தியலின் சின்னச் சின்னத் தழும்புகள் வரிசையாக, ஒரே அளவில், மீன் செதில்போல மின்னின. "முழுக்கக் கை வேலை. ஒரு பொட்டுத் துரு இல்ல. ஒரு கரண்டி பட்டி இல்ல. நான் இத்தனை வருஷத்துல ரெண்டு தகரப் பின்பாடி பாத்திருக்கேன், அலுமினியத்துல இதுதான் முதல் தடவை. முன்பாதியை எடுத்துப் போட்டுட்டு இதுக்கு மட்டும் முழு விலை கேட்டாலும் கொடுக்க ஆள் இருக்கு."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? ஒருத்தர் வந்து உங்க அண்ணன் கேட்டதுக்கு மேல ரெண்டு பங்கு தர்றேன்னு நிக்கிறாரு. இவரு கொடுக்க மாட்டேங்கறாரு." டிங்கர் குரலைத் தாழ்த்தினான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். டாக்டரு உனக்கு எவ்வளவு வெட்டினாரு?"

"என்னது?"

"அடப் போக்கா. பாதி விலை சும்மாவா சொல்லுவ?"

"எனக்குத் தெரியல," என்றாள் அவள். "அலுமினியம்னு எனக்குத் தெரியல."

அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு சுத்தியலை எடுத்துக்கொண்டான். காந்தக்காவுக்குத் தெரியவில்லை என்பதைவிட, காந்தக்கா காசு வாங்கினாள் என்பது அவனுக்கு நம்ப எளிதாக இருந்தது.

அவள் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள். தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் காத்திருந்து உள்ளே போனபோது, அவர் எழுந்தே வந்தார். "வாங்க வாங்க. உங்க புண்ணியத்துலதான் எனக்கு அந்த வண்டி கிடைச்சுது."

"சார், நான் தப்பா பாத்துட்டேன். அண்ணன் கேட்டதே நியாயமான விலை. மிச்சத்தை நீங்க..."

அவர் முகத்தில் கபடம் இல்லை. உண்மையாகவே குழம்பினார். "ஆனா நீங்கதானே விலை சொன்னீங்க? நீங்க அதிகமா மதிப்பு போட்டு, அந்த வண்டி நடுரோட்டுல நின்னிருந்தா, நான் வந்து உங்ககிட்ட திருப்பிக் கேட்டிருப்பேனா?"

இத்தனை வருஷம் விற்கிறவர்களிடம் அவளே கறாராகச் சொல்லி வந்ததுதான் அது, இப்போது அவர் வாயிலிருந்து வந்தது. வெளியே அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் சொட்டு மருந்தோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு வாணலியின் ஆடிய கைப்பிடியைத் தடவித் தடவித் திருகிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் அவனிடம் ஏதோ பழைய வேன் வாங்குவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்க," என்றான் அண்ணன். குரலில் பெருமை வழிந்தது. "அண்ணன்னு கூடப் பாக்க மாட்டா."

அவர் போகும்வரை அவள் சுவரோரம் நின்றாள்.

"பாப்பாவா? வா. என்ன ஒரு பக்கமா சாஞ்சு நடக்குற, பை கனமா?"

"அண்ணா, அந்த வண்டியோட பின்பக்கம் அலுமினியம்."

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"அத்தனை வருஷம் கழுவினவனுக்குத் தெரியாதா? அன்னைக்கே சொல்ல வந்தேன். நீ பேசக் கூடாதுன்னுட்ட."

"அவர் போன பிறகாவது சொல்லியிருக்கலாமே அண்ணா."

"உனக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்?" அவன் திருகாணியை விரலால் தேடிப் பிடித்தான். "எல்லாம் பாத்துக் கழிச்சுத்தான் நீ பாதி சொன்னன்னு நெனச்சேன். அலுமினியம்னா மட்டம் போலன்னு விட்டுட்டேன்."

திருகாணி ஒரு சுற்று சுற்றியது. பிறகு கை நின்றது.

"மட்டம்தானே பாப்பா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவன் நம்பிவிடுவான். அவள் சொன்னதை அவன் நம்பாமல் இருந்ததே இல்லை. போன கண் எப்படியும் வரப்போவதில்லை. அவனுக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி. அவள் அவனுடைய இடது கண்ணைப் பார்த்தாள். அது அவள் முகத்தைத் தேடி மெதுவாக நகர்ந்து, தோள்பட்டையில் வந்து நின்றிருந்தது.

"இல்லண்ணா," என்றாள். "அந்த வண்டிக்கு விலையே அந்த அலுமினியத்தாலதான். நான் சுரண்டிப் பாக்கல."

"அப்ப நான் கேட்டது?"

"நீ கேட்டது கம்மி."

உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் வாணலியைத் தரையில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

"அப்ப கண் டாக்டருக்கும் வண்டி விலை தெரியல," என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அவன் வாயில் கொஞ்ச நேரம் தனியாக இருந்துவிட்டுப் போயிற்று.

அவள் மருந்தை எடுத்தாள். அவன் தலையைப் பின்னால் சாய்க்கவில்லை.

"அங்க வெச்சுட்டுப் போ. நானே போட்டுக்கறேன்."

"கன்னத்துல விழும்ணா."

"விழட்டும்." அவன் குரல் உயரவில்லை. "நாளைக்கு வராத பாப்பா. அதுக்கு மறுநாள் வா."

மறுநாள் அவளுக்குப் போக இடம் இல்லாததால், அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு வேன் பார்க்கப் போனாள். விற்கிறவர் நடுத்தர வயது ஆள். வேனுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். அவள் பையைத் திறந்தாள். காந்தத்தை எடுக்காமல் அவரிடம் போனாள்.

"சொல்லுங்க," என்றாள். "இந்த வண்டியைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

அவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இது ஏதோ சோதனை என்று நினைத்தார் போலிருக்கிறது.

"ஐயோ வேணாம்க்கா. உங்க பழக்கம் எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் வேனைக் காட்டினார்.